கோல்ஃப் பந்து வழி தவறுவது ஏன்?

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் இந்தியாவின் அதிதி அசோக் கோல்ஃப் ஆட்டத்தில் நான்காம் இடம் பெற்றார். ஒரே ஓர் அடியில் வெண்கலப் பதக்கம் கைநழுவிற்று. அதுவரை கோல்ஃப் பக்கம் திரும்பியும் பாராத பலர் அன்று விடியற்காலையிலேயே எழுந்து தொலைக்காட்சி முன் அமர்ந்தனர். பந்தை மட்டையால் அடித்துக் குழிக்குள் சேர்க்க வேண்டும்; எவ்வளவு குறைந்த அடிகளில் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் அசையாமல் கிடக்கும் ஒரு பந்தை நேராக அடிப்பது எத்துணைக் கடினம் என்பது மட்டையைக் கையில் பிடித்தவர்க்கே தெரியும்.

புதிதாக ஆடுபவர்களை இரண்டு பிழைகள் வாட்டுகின்றன. வலக்கை ஆட்டக்காரர் ஒருவரைக் கருதுவோம். அவர் அடித்த பந்து சற்று இடப்புறமாகக் கிளம்புகிறது. பாதி தொலைவு சென்றதும் மனம் மாறியதுபோல் வலப்புறம் வளைந்து மரக்கூட்டத்துள் விழுகிறது. இதனை ‘ஸ்லைஸ்’ என்பர். அடுத்த அடியில் பந்து வளையவே இல்லை. ஆனால் கிளம்பும்போதே இடப்புறம் கிளம்பி, அம்புபோல் நேரே சென்று எதிர்ப்பக்க மரங்களில் மோதுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘புல்’ என்ற சொல்லை நாம் அப்படியே எழுதினால் புல்தரையோடு குழம்பும். ஆதலால் ‘இழுப்பு’ என்றே அழைப்போம்.

ஒன்று வலப்புறம், மற்றொன்று இடப்புறம். இவை ஒன்றுக்கொன்று எதிரான பிழைகள் என்றே ஆட்டக்காரர் எண்ணுகிறார். ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்றில் விழுந்துவிட்டதாக வருந்துகிறார். உண்மையில் இரண்டும் ஒரே வீச்சின் பிள்ளைகள். எவ்வாறு என்பதை அறிய இயற்பியலைச் சற்று நாட வேண்டும்.

சுழலும் பந்து காற்றில் வளைந்து செல்லும் என்பது பழைய செய்தி. 1672இல் ஒளியின் நிறங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலேயே நியூட்டன், சாய்வாக அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் கண்டதாகக் குறிப்பிடுகிறார். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் துப்பாக்கிக் குண்டுகள் இலக்கிலிருந்து விலகுவதற்குச் சுழற்சியே காரணம் என்றார். 1852இல் ஜெர்மானிய அறிஞர் மேக்னஸ் இதனைச் சோதனை வாயிலாக ஆராய்ந்தார். அவர் பெயரே இவ்விளைவுக்கு நிலைத்துவிட்டது. பந்து சுழலும்போது தன்னை ஒட்டிய காற்றையும் இழுத்துச் செல்கிறது. ஒரு பக்கத்தில் இந்த இழுப்பு எதிர்க்காற்றின் ஓட்டத்தோடு சேர்கிறது. மறுபக்கத்தில் அதனை எதிர்க்கிறது. இதனால் பந்தைக் கடந்து செல்லும் காற்று ஒரு பக்கமாகத் திருப்பப்படுகிறது. காற்றை ஒரு பக்கம் தள்ளிய பந்தை, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று மறுபக்கம் தள்ளுகிறது.

கோல்ஃப் பந்தை இந்தக் கண்கொண்டு முதலில் முறையாக ஆராய்ந்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டேட். மேக்ஸ்வெல், கெல்வின் ஆகியோரின் நண்பர். விடுமுறை வந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆடுகளத்தில் அவரைக் காணலாம். அவர் மகன் ஃபிரெடி டேட் 1896, 1898 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன். வீட்டிலேயே ஒரு சாம்பியன் இருக்கும்போது சோதனைக்கு ஆள் தேட வேண்டுமா? பந்து சுழல்கிறதா என்பதை அறிய டேட் கையாண்ட முறை மிக எளியது. முறுக்கில்லாத நீண்ட நாடா ஒன்றின் ஒரு முனையைப் பந்திலும் மறு முனையைத் தரையிலும் பிணைத்தார். சில அடி தொலைவில் வைத்த களிமண் திட்டில் பந்தை அடிக்கச் செய்தார். களிமண்ணில் பதிந்த பந்தின் நாடாவில் எத்தனை முறுக்குகள் உள்ளனவோ, பந்து அத்தனை முறை சுழன்றிருக்கிறது! பந்தின் அடிப்பாகம் முன்னோக்கியும் மேற்பாகம் பின்னோக்கியும் சுழல்வதை, அதாவது பின்சுழற்சியை, அவர் இவ்வாறு உறுதி செய்தார். பந்து நெடுந்தொலைவு மிதந்து செல்வது இச்சுழற்சியால்தான். சுழற்சி எதுவாயினும் தீமையே என்று இளமையில் தமக்குக் கற்பிக்கப்பட்டதை எண்ணி அவர் பின்னாளில் வருந்தினார். 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் ஃபிரெடி உயிரிழந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார்.

எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனையும் இந்தப் பந்து விட்டு வைக்கவில்லை. 1910இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கோல்ஃப் பந்தின் இயக்கம் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். காந்தப் புலத்தில் எலெக்ட்ரான் கற்றை வளைவதைக் காட்டி, சுழலும் பந்தின் பாதையும் இத்தகையதே என விளக்கினார். இரண்டிலும் விசை, திசைவேகத்துக்குச் செங்குத்தாக இருப்பதைக் கவனியுங்கள்.

இனி மோதலுக்கு வருவோம். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லிவிநாடி. ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் மட்டைத் தலை அந்நேரத்தில் கடப்பது இரண்டே சென்டிமீட்டர். பந்து பட்ட அதிர்ச்சி கைக்கு எட்டி, நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போவதற்குள் பந்து போயே போய்விடுகிறது. எனவே அடிக்கும் தருணத்தில் பந்தை ‘வழிநடத்துவது’ என்பது வெறும் கற்பனை. மட்டை எந்தத் திசையில் வந்தது, அதன் முகம் எந்தத் திசையைப் பார்த்தது என்னும் இரண்டே செய்திகள்தாம் பந்துக்குத் தெரியும்.

இவ்விரண்டில் பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது எது?

கேரம் ஆடியவர்களுக்கு விடை பாதி தெரியும். ஸ்டிரைக்கர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், காய் ஓடுவது இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோட்டில்தான். ஏனெனில் தொடும் பரப்புக்குச் செங்குத்தாகவே தள்ளுவிசை அமைகிறது. கோல்ஃப் மட்டையிலும் இதே கதை. ஆனால் இங்கு உராய்வு மிகுதி. அதனைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மட்டை செல்லும் திசைக்கும் முகத்தின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையே உள்ள கோணம் க எனவும், மட்டையின் வேகம் வ எனவும் கொள்வோம். முகத்துக்குச் செங்குத்தான வேகக்கூறு வ கோசைன் க. முகத்தின் வழியான கூறு வ சைன் க. மட்டைத் தலையின் நிறை ஏறத்தாழ 200 கிராம். பந்தின் நிறை 46 கிராம். மீட்சிக் குணகம் 0.8 அளவில் இருக்கும். உந்த அழிவின்மை விதியைப் பயன்படுத்தினால், செங்குத்துத் திசையில் பந்து பெறும் வேகம் மட்டைக் கூறைப்போல் 1.46 மடங்கு என வரும். முகத்தின் வழியே நிகழ்வது வேறு. அங்குப் பந்து முதலில் வழுக்கி, பிறகு பற்றிக்கொண்டு உருளத் தொடங்குகிறது. திண்மக் கோளம் ஒன்று இவ்வாறு உருளும்போது கிடைக்கும் வேகம் மட்டைக் கூறில் ஏழில் இரண்டு பங்கே. மட்டையும் சற்று வேகம் இழப்பதால் 0.27 பங்கு எனலாம். 0.27ஐ 1.46ஆல் வகுத்துப் பாருங்கள், 0.185 வருகிறது. அதாவது, முகத்தின் திசைக்கும் வீச்சின் திசைக்கும் இடையே 5 பாகை வேறுபாடு இருந்தால், பந்து முகத்தின் திசையிலிருந்து வீச்சின் பக்கமாக ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகும். பந்து கிளம்பும் திசையில் ஐந்தில் நான்கு பங்கு முகத்துக்கே சொந்தம்.

பல்லாண்டுகளாகப் பயிற்சியாளர்கள் இதற்கு நேர்மாறாகவே கற்பித்து வந்தனர் என்பது வியப்பான செய்தி. பந்து வீச்சின் திசையில் கிளம்பி, முகம் பார்த்த திசைக்கு வளைந்து வந்து சேரும் என்றனர். 1968இல் வெளிவந்த காக்ரன், ஸ்டாப்ஸ் ஆகியோரின் ஆய்வு நூல் உண்மையை எடுத்துக்காட்டியபோதும் பழைய பாடம் எளிதில் மறையவில்லை. இந்த நூற்றாண்டில் பந்தையும் மட்டையையும் ஒருசேரப் பின்தொடரும் ராடார் கருவிகள் வந்தபிறகே வழக்கு முடிந்தது. பழைய பாடத்தை நம்பி, எதிரே உள்ள மரத்தைச் சுற்றி அடிக்க எண்ணி, முகத்தை இலக்கை நோக்கி வைத்து மட்டையை மட்டும் விலக்கி வீசியவரின் பந்து நேரே மரத்தில்தான் மோதியிருக்கும். தம் வீச்சில் ஏதோ பிழை என்று அவர் நினைத்திருப்பார், பாவம்.

அடுத்து, வளைவு. பந்தில் பின்சுழற்சி ஒன்று, பக்கச்சுழற்சி ஒன்று என இரண்டு சுழற்சிகள் இருப்பதாகப் பேசுவது வழக்கம். ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஓர் அச்சைப் பற்றியே சுழல முடியும். முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பின்சுழற்சி பிறக்கிறது. அப்போது அச்சு தரைக்கு இணையாகக் கிடக்கும். முகம் வீச்சின் திசைக்கு வலப்புறமாகவும் திறந்திருந்தால், அச்சு தராசுக்கோல் சாய்வதுபோல் வலப்புறம் சாய்கிறது. பந்தை மேலே தூக்க வேண்டிய விசையும் உடன் சாய்ந்து, அதில் ஒரு பகுதி பந்தை வலப்புறம் இழுக்கிறது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதும் இப்படித்தான்.

நெடுந்தொலைவு அடிக்கப் பயன்படும் ‘டிரைவர்’ மட்டையை எடுத்துக்கொள்வோம். மோதலின்போது அதன் முகம் வீச்சுக்கு மேல்நோக்கி 13 பாகை சாய்ந்திருப்பதாகக் கொண்டால், மேற்சொன்ன கணக்கின்படி பந்து நிமிடத்துக்கு 2,700 சுற்று அளவில் சுழலும். விநாடிக்கு 57 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தொடக்கத்தில் தூக்குவிசை பந்தின் எடைக்கு ஏறத்தாழச் சமம். முகம் 5 பாகை வலப்புறம் திறந்திருந்தால் அச்சின் சாய்வு ஏறக்குறைய 21 பாகை. பக்கவாட்டு முடுக்கம் தொடக்கத்தில் விநாடிக்கு விநாடி 3.5 மீட்டர், வேகம் குறையக் குறைய அதுவும் குறையும். சராசரி 2 மீட்டர் என்றும், பறக்கும் நேரம் 5 விநாடி என்றும் கொண்டால், விலகல் 25 மீட்டர்! கைக்கடிகாரத்தில் விநாடி முள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகரும் கோணம் 6 பாகை. அதனினும் குறைந்த பிழைக்கு இவ்வளவு தண்டனை.

இப்போது நம் ஆட்டக்காரரிடம் திரும்புவோம். அவர் மட்டை பந்துக்கு அப்பால், வெளிப்பக்கத்திலிருந்து வந்து, பந்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்பக்கம் செல்கிறது. இலக்குக்கு 6 பாகை இடப்புறமாக வீச்சின் திசை உள்ளதெனக் கொள்வோம். முதல் அடியில் முகம் இலக்குக்கு ஒரு பாகை இடப்புறம் பார்க்கிறது. பந்து 2 பாகை இடப்புறமாகக் கிளம்பும். ஆனால் வீச்சை நோக்க முகம் 5 பாகை வலப்புறம் திறந்திருப்பதால் 25 மீட்டர் வலப்புறம் வளையும். 180 மீட்டர் தொலைவில், இடப்புறம் போன 6 மீட்டரைக் கழித்தால், இலக்குக்கு 19 மீட்டர் வலப்புறத்தில் விழுகிறது. இது ஸ்லைஸ். அடுத்த அடியில் வீச்சு அதேதான். கை மட்டும் சற்று அதிகமாகப் புரண்டு முகமும் 6 பாகை இடப்புறம் பார்க்கிறது. முகமும் வீச்சும் ஒன்றாகிவிட்டன, வளைவு இல்லை. பந்து 6 பாகை இடப்புறமாக நேரே சென்று 19 மீட்டர் இடப்புறத்தில் விழுகிறது. இது இழுப்பு. ஒரே வீச்சு, முகத்தில் 5 பாகை வேறுபாடு, இடையே 38 மீட்டர்!

இன்னொன்றும் இதனால் விளங்கும். டிரைவரில் ஸ்லைஸ் அடிப்பவரே ‘வெட்ஜ்’ என்னும் குட்டை மட்டையில் இழுப்பு அடிப்பது வழக்கம். வெட்ஜின் முகச்சாய்வு மிக அதிகம். மோதலின்போது 45 பாகை என்று கொள்ளலாம். அதே 5 பாகைப் பிழை அங்கு அச்சை 7 பாகையளவும் சாய்க்காது. ஆதலால் வளைவு மங்கிவிடுகிறது. கிளம்பும் திசையே கண்ணுக்குப் படுகிறது. அதோடு குட்டை மட்டையின் முகத்தைக் கை எளிதில் திருப்பிவிடுவதால் முகம் வீச்சின் திசையை எட்டிப் பிடித்துவிடுகிறது. நீண்ட மட்டையில் வலப்புறமும் குட்டை மட்டையில் இடப்புறமும் ஒருவர் தவறினால், அவர் வீச்சு வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது எனத் தயங்காமல் சொல்லலாம்.

பிழையைவிடக் கொடியது, அதற்கு ஆட்டக்காரர் தாமே செய்துகொள்ளும் வைத்தியம். பந்து வலப்புறம் போகிறதே என்று அவர் கால்களையும் தோள்களையும் இன்னும் இடப்புறம் திருப்பி நிற்கிறார். தோள் திரும்பிய பக்கமே வீச்சும் திரும்பும். முகத்தையோ பழையபடி இலக்கை நோக்கியே வைக்கிறார். வீச்சுக்கும் முகத்துக்கும் இடையே உள்ள கோணம் 5 பாகையிலிருந்து 8 ஆகிறது. வளைவு மேலும் பெருகுகிறது. உடனே இன்னும் கொஞ்சம் இடப்புறம்! ஆண்டுக்கணக்கில் இப்படியே நகர்ந்து, குழி ஒரு பக்கம் இருக்க வேறு பக்கம் பார்த்து நிற்பவர்கள் உண்டு.

எனவே திருத்தம் முகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. வீச்சை முதலில் திருத்துவோரும் உண்டு. ஆனால் முகம் திறந்திருக்கும்வரை பந்து வலப்புறம் ஓடும். அதனைக் கண்ட உடல் தானாகவே இடப்புறம் வீசும். முகத்தை நேராக்க வேண்டுமானால் மட்டையைப் பிடிக்கும் பிடியைப் பார்க்க வேண்டும். மேலே பிடிக்கும் இடக்கையைப் பிடியின்மீது சற்று வலப்புறமாகத் திருப்பி வைத்து, குனிந்து பார்க்கும்போது அக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரியுமாறு செய்ய வேண்டும். வலக்கை உள்ளங்கையும் அதற்கு இணங்கத் திரும்பி அமையட்டும். விரல்கள் வெளுக்கும்படி இறுக்கிப் பிடிப்பவரின் மணிக்கட்டு திரும்பாது, முகமும் மூடாது.

பிடியை மாற்றியதும் சில நாட்கள் பந்தெல்லாம் இடப்புறம் போகும். இங்குதான் பலர் அஞ்சிப் பழைய பிடிக்கே திரும்பிவிடுகின்றனர். அந்த இழுப்புகள் நல்ல அறிகுறிகள். முகம் திருந்திவிட்டது, வீச்சு இன்னும் திருந்தவில்லை என்பதே அவற்றின் செய்தி.

பிறகு வீச்சு. மட்டை ஓங்கிய நிலையிலிருந்து இறங்கும்போது வலத்தோள் முந்திக்கொண்டு முன்னே சுழல்வதே நோயின் வேர். பலம் முழுவதையும் வலத்தோளிலிருந்து இறக்கவே, விறகு பிளப்பவரைப்போல, உடல் விரும்புகிறது. அப்படி இறக்கினால் மட்டை வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் குறுக்கே வெட்டும். இறக்கத்தை இடுப்பிலிருந்து தொடங்கி, வலமுழங்கை விலாவை ஒட்டி வருமாறு பழக வேண்டும். இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. பந்துக்கு ஒரு சாண் அப்பால், இலக்குக்கு எதிர்த்திசையில் ஓரடி பின்தள்ளி, காலி அட்டைப் பெட்டி ஒன்றை வையுங்கள். வெளியிலிருந்து வரும் மட்டை பெட்டியைத் தட்டிவிடும். ஆசிரியர் தேவையில்லை, பெட்டியே சொல்லும். முதலில் அரை வீச்சு, மெதுவாக.

நிற்கும் நிலையிலும் ஒரு நுட்பம் உள்ளது. மட்டைத் தலை ஒரு வட்டத்தில் செல்கிறது, அவ்வட்டம் சாய்வானது. பந்தை இலக்கின் பக்கமாக 10 சென்டிமீட்டர் முன்தள்ளி வைத்தால், மட்டை அங்கு வந்து சேரும்போது வட்டப் பாதை ஏறத்தாழ 2 பாகை இடப்புறம் திரும்பியிருக்கும். டிரைவருக்குப் பந்து இடக்குதிகாலுக்கு நேரே இருந்தால் போதும். அதற்கு அப்பால் வேண்டாம். தோள்கள் எப்பக்கம் பார்க்கின்றன என்பதையும் தரையில் ஒரு கோலைக் கிடத்திச் சரிபார்க்கலாம்.

இக்கணக்குகள் எல்லாம் பந்து முகத்தின் நடுவில் பட்டால்தான் பொருந்தும். டிரைவரின் புவியீர்ப்பு மையம் முகத்துக்குப் பின்னால் இருப்பதால், பந்து ஓரத்தில் பட்டால் மட்டைத் தலை திருகிக்கொள்கிறது; பற்சக்கரம் ஒன்றையொன்று சுழற்றுவதுபோல் பந்து எதிர்த்திசையில் சுழல்கிறது. கைப்பிடிக்கு அருகேயுள்ள ஓரத்தில் பட்ட பந்து, வீச்சும் முகமும் செம்மையாக இருந்தாலும் வலப்புறம் வளையும். ஆகையால் பிடியை மாற்றுவதற்கு முன் முகத்தில் கொஞ்சம் சாக்குத்தூளைத் தடவி நாலைந்து பந்துகள் அடித்துப் பாருங்கள். அடையாளம் ஓரத்தில் இருந்தால் முதலில் பந்திலிருந்து நிற்கும் தொலைவைத்தான் மாற்ற வேண்டும்.

அடையாளம் நடுவில் விழுந்து, பெட்டியும் தட்டுப்படாமல் தப்பத் தொடங்கிய பிறகு ஒரு நாள் பந்து சற்று வலப்புறமாகக் கிளம்பி இடப்புறம் வளைந்து வரும். ஸ்லைஸ் அடிப்பவர் தம் வாழ்நாளில் கண்டிராத வளைவு அது. மட்டை உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லாமல் அவ்வளைவு பிறக்காது. பந்து எங்கே போய் விழுந்தாலும் சரி, பிடியை மாற்றாமல் அடுத்த பந்தை எடுத்து வைக்க வேண்டியதுதான்.